முற்றத்தில் நின்று ஒரு கொதிக்கும் கோளைப் பிடிப்பது எப்படி: யாழ்ப்பாணத்துப் புதியவர்களுக்கு

சனிப்பெயர்ச்சி நெருங்கினால் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை வரும். அம்மம்மா வாக்கிய பஞ்சாங்கக் கட்சி, பெரியப்பா திருக்கணிதம். சனி ராசி மாறும் நாளை இரண்டும் வேறு வேறாகச் சொல்லும். பழைய வாய்பாட்டையே பிடித்துக்கொண்டு போனால் சிறு பிழையும் வருடாவருடம் பெருகும், வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் வாதம். அம்மம்மா அதற்குப் பதிலே சொல்வதில்லை, எழும்பிப் போய்விடுவார்.

இங்கே நான் சொல்லப்போகும் வேலையும் பெரியப்பா கட்சிதான். கோள் மட்டும் வேறு. சிறுநரி என்ற விண்மீன் குழுவில், சுமார் 64 ஒளியாண்டு தூரத்தில், எச்டி 189733 என்ற நட்சத்திரம் இருக்கிறது. அதைச் சுற்றும் கோளுக்குப் பெயர் எச்டி 189733 பி. பிரான்ஸின் ஓத் புரோவான்ஸ் வானாய்வகத்தில் 2005இல் கண்டுபிடித்தார்கள். வியாழனைவிடச் சற்றுப் பெரிய வாயுக்கோள். தன் நட்சத்திரத்தை ஒருமுறை சுற்றிவர அதற்கு 2.21857 நாள் போதும். அதாவது அங்கே ஒரு வருடம் என்பது எங்கள் 53 மணியும் கால் மணியும். புதன் சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் இதற்கு. வெப்பம் 900 பாகை செல்சியஸுக்கு மேல். ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவு. அதன் மேகங்களில் மணலின் மூலப்பொருளான சிலிக்கேற்றுத் துகள்கள் இருக்கின்றன என்பது ஆய்வாளர் கருத்து. ஹபிள் தொலைநோக்கி 2013இல் பார்த்துச் சொன்னபடி அதன் நிறம் நீலம். கடல் இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இந்தக் கோளை யாரும் கண்ணால் பார்க்கப் போவதில்லை. அது நட்சத்திரத்துக்கு முன்னால் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் ஒளி 2.4 சதவீதம் குறையும். ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம் அப்படியே இருந்து, பிறகு பழைய நிலைக்கு வரும். இதைத்தான் கடப்பு என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறைவு ஒரு சாதாரண கமராவுக்குத் தெரியும். முதன்முதலில் ஒரு புறக்கோளின், அதாவது வேறொரு சூரியனைச் சுற்றும் கோளின், கடப்பைப் பார்த்தது 1999இல்தான், அது எச்டி 209458 பி. அன்று பெரிய செய்தியாக இருந்த வேலையை இன்று கிணற்றடியில் நின்று செய்யலாம்.

ஏன் இந்தக் கோள்

நான் முதலில் ஆசைப்பட்டது 51 பெகாசி பி மேல். மிஷெல் மேயரும் டிடியே கெலோவும் 1995இல் கண்டுபிடித்து, 2019இல் நோபல் பரிசு வாங்கிக்கொடுத்த கோள் அது. ஆனால் அது எங்கள் பார்வைக் கோட்டில் நட்சத்திரத்தைக் கடப்பதில்லை. எத்தனை இரவு முழித்தாலும் பலன் இல்லை. வாஸ்ப்-12பி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், சுற்றுப்பாதை சுருங்கிக்கொண்டே வந்து நட்சத்திரத்தில் விழப்போகிற கோள். கதை நல்ல கதை, நட்சத்திரம்தான் மங்கல். நல்ல தொலைநோக்கி இல்லாமல் தொடாதீர்கள்.

தொடக்கத்துக்கு எச்டி 189733 பி தான். நட்சத்திரத்தின் பிரகாச எண் 7.7, அதாவது சிறிய பைனாகுலரிலேயே தெரியும். ஒளி இறக்கமும் பெரியது, நேரமும் குறைவு. எங்கள் காலநிலைக்கும் ஒத்துவருகிறது: மாரி மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை கொட்டும். இந்த நட்சத்திரமோ ஆடியிலிருந்து புரட்டாதி வரை முன்னிரவில் உயரத்தில் நிற்கும். யாழ்ப்பாணத்தின் அகலக்கோடு 9.7 பாகை என்பதால், உச்சத்தில் அது தொடுவானிலிருந்து 77 பாகைக்கு ஏறும். பெரும்பாலான ஐரோப்பியர்களுக்குக்கூட இவ்வளவு உயரத்தில் கிடைக்காது.

அடுத்த முறைக்கு எச்டி 209458 பி வைத்துக்கொள்ளுங்கள். பிரகாசம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் இறக்கம் 1.5 சதவீதம் சொச்சம், நேரம் 3 மணி. பொறுமை வேண்டும்.

முகூர்த்தம் பார்ப்பது

கடப்பு நேரத்தைச் சொல்லும் இணையத் தரவுத்தளங்கள் இருக்கின்றன. செக் நாட்டு வானியல் சங்கத்தின் புறக்கோள் கடப்புத் தரவுத்தளம் ஒன்று, எக்ஸோகுளொக் இன்னொன்று. உங்கள் இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோட்டைக் கொடுத்தால் பட்டியல் வரும். அது பெரும்பாலும் உலக நேரத்தில் இருக்கும். எங்கள் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். நான் ஒருமுறை கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டு, கடப்பு நடந்த நேரத்தில் நல்ல நித்திரையில் இருந்தேன்.

ஆனால் ஒருமுறையாவது தாளில் நீங்களே கணக்குப் பாருங்கள். ஆவணியில் ஒரு வெள்ளி இரவு 10 மணிக்குக் கடப்பின் நடுப்புள்ளி என்று வைப்போம். நாலு சுற்றுக்குப் பிறகு, ஒன்பதாம் நாள் ஞாயிறு, பின்னேரம் 6.59க்கு வரும். வானம் வெளிச்சமாக இருக்கும், வீண். அஞ்சு சுற்றுக்குப் பிறகு, பதினோராம் நாள் செவ்வாய், நடுச்சாமம் கடந்து 12.14. பரவாயில்லை. ஒன்பது சுற்று என்பது 20 நாளுக்கு 47 நிமிடம் குறைவு. ஆகவே இருபதாம் நாள் வியாழன் இரவு 9.13, அருமை. இப்படிப் பார்த்தால் ஒரு பருவத்தில் உங்களுக்கு வசதியான இரவுகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அதில் ஒன்றில் முகில், ஒன்றில் யாராவது வீட்டில் விசேஷம். மிச்சம் இருப்பதை விடாதீர்கள்.

நடுப்புள்ளிக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வேண்டும். கடப்புக்கு முன்னுள்ள ஒரு மணியையும் பின்னுள்ள ஒரு மணியையும் வெட்டினால், ஒளி எங்கிருந்து இறங்கியது என்று சொல்ல அடிக்கோடே இருக்காது. புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான்.

எங்கே நிற்பது

மணற்காட்டு மணல் மேடுகளில், சாட்டிக் கடற்கரையில், நெடுந்தீவில் வானம் கறுப்பாக இருக்கும். பால்வீதி பார்க்க அங்கே போங்கள். இந்த வேலைக்குத் தேவையில்லை. பிரகாசமான நட்சத்திரம் என்பதால் நல்லூருக்குப் பக்கத்திலுள்ள வளவே போதும், திருவிழா வெளிச்சம் இருந்தாலும்கூட. கடற்கரையில் உப்புக் காற்று வில்லையில் படியும், இரவில் முக்காலியோடு நிற்பவரைப் பார்த்து யாராவது வந்து விசாரிப்பார்கள். போவதாயிருந்தால் அடையாள அட்டையும் ஒரு கூட்டாளியும் வேண்டும்.

வீட்டில் மொட்டை மாடியைவிட மண் முற்றம் நல்லது. கொங்கிறீற்று பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவில் விடும். தகரக் கூரைக்கு மேலாகப் பார்த்தாலும் அப்படித்தான், நட்சத்திரம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். எங்களுக்கு உண்மையான எதிரி சோளகக் காற்று. ஆடி, ஆவணியில் அது முக்காலியை ஆட்டும், புழுதியையும் கொண்டுவரும். மதிலுக்கோ கிடுகு வேலிக்கோ காற்று மறைவாக நில்லுங்கள். முக்காலியின் நடுக் கொக்கியில் அரைச் சாக்கு மணலைத் தொங்கவிடுங்கள்.

மரங்களையும் கவனியுங்கள். என் முதல் வரைபில் அழகான ஒரு இறக்கம் வந்தது. கோளைப் பிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் துள்ளிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் படங்களைத் திரும்பப் பார்த்தால், பக்கத்து வளவுப் பனையின் காவோலை நட்சத்திரத்தின் ஓரத்தில் ஆடிக்கொண்டு நிற்கிறது. பகலிலேயே கைபேசியில் ஒரு வான வரைபடச் செயலியைத் திறந்து, நட்சத்திரம் நாலு மணி நேரத்தில் எந்தப் பாதையில் போகும் என்று பாருங்கள். அந்தப் பாதையில் பனையோ தென்னையோ நின்றால் கமராவை நகர்த்துங்கள். மரத்தை வெட்ட வேண்டாம்.

சாமான்கள்

டி.எஸ்.எல்.ஆர். அல்லது மிரர்லெஸ் கமரா, பழையதும் போதும். 200 மில்லிமீற்றர் அளவில் ஒரு வில்லை. நல்ல முக்காலி. இவற்றைக் கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர் நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கலாம். கடன் வாங்க முடியாதது வானத்தின் சுழற்சியோடு கமராவைத் திருப்பும் சிறிய கருவி. டிராக்கர் என்பார்கள். அது இல்லாமல் 200 மில்லிமீற்றரில் அரை விநாடிக்குள்ளேயே நட்சத்திரம் கோடாகிவிடும். தானாகவே இலக்கைத் தேடிப் பிடிக்கும் சிறிய ஸ்மார்ட் தொலைநோக்கி உங்களிடம் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள்.

டிராக்கரைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். இங்கேதான் யாழ்ப்பாணத்துக்காரருக்குத் தலையிடி. எங்களுக்குத் துருவ நட்சத்திரம் வெறும் 9.7 பாகை உயரத்தில், வேலிக்கும் மரத்துக்கும் பின்னால். பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கரையில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், வடக்கே திறந்த கடல். மற்றவர்கள் கொம்பசால் வடக்கைப் பிடித்து, கைபேசியின் சாய்வுமானியால் 9.7 பாகை வைத்துத் தொடங்கலாம். 30 விநாடிப் படத்துக்கு அது பெரும்பாலும் போதும். டிராக்கரின் அடித்தாங்கி சிலவற்றில் இவ்வளவு கீழே சாயாது. அப்படியானால் முக்காலியின் ஒரு காலைச் சுருக்கிச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இரண்டு பற்றரி, பெரிய மெமரி கார்ட், சிவப்புத் தாள் ஒட்டிய ரோச், நுளம்புத்திரி, பிளாஸ்கில் பிளேன் ரீ. நுளம்புத்திரியைக் கமராவின் காற்றுப் பக்கம் வைக்காதீர்கள், புகையும் ஒளியைக் குடிக்கும்.

நட்சத்திரத்தைத் தேடுவது

தலைக்கு மேலே மூன்று பிரகாசமான நட்சத்திரங்கள் பெரிய முக்கோணமாக நிற்கும்: அபிஜித், டெனெப், திருவோணம். திருவோணத்திலிருந்து கொஞ்சம் வடக்கே அம்பு என்ற சின்னஞ்சிறு குழு, பார்த்தால் உண்மையிலேயே அம்புபோல் இருக்கும். அம்பின் முனை நட்சத்திரத்திலிருந்து வடக்கே மூன்று பாகை சொச்சம் போனால், எம்27 என்ற டம்பெல் நெபுலா, சாகும் நட்சத்திரம் ஒன்று உதறிய வாயு முகில். ஒரு சோதனைப் படம் எடுத்தால் பஞ்சுத் துண்டுபோல் தெரியும். அதற்குக் கிழக்கே, முழுநிலாவின் அரை அகலத்தில், எங்கள் நட்சத்திரம். செத்துக்கொண்டிருக்கும் நட்சத்திரம் ஒன்று வழிகாட்ட, பக்கத்தில் இதைக் கண்டுபிடிக்கிறோம். வேறு எந்தப் புறக்கோளுக்கும் இவ்வளவு வசதியான அடையாளக்கல் எனக்குத் தெரியாது.

படம் எடுப்பது

இங்கே நீங்கள் கேட்டுப் பழகிய ஒன்றை மறக்க வேண்டும். குவியத்தைக் கூர்மையாக வைக்காதீர்கள். கொஞ்சம் குழப்பிவிடுங்கள், நட்சத்திரம் 12 முதல் 15 பிக்சல் அகலமான வட்டமாகத் தெரியட்டும். கூர்மையான புள்ளியென்றால் ஒளி முழுதும் மூன்று நாலு பிக்சலில் விழுந்து நிரம்பி வழியும். நிரம்பிய பிக்சலுக்கு 2.4 சதவீதக் குறைவு தெரியாது, நிறைந்த வாளியில் ஒரு சிரங்கை தண்ணீர் குறைந்தால் யாருக்குத் தெரியும்? பரவலான வட்டமென்றால் ஒவ்வொரு பிக்சலும் பாதியளவே நிரம்பும். பிக்சல்களுக்கிடையிலான வித்தியாசங்களும் சராசரியாகிவிடும். படம் அழகாக இராது. அழகு இந்த வேலைக்குத் தேவையில்லை.

தானியங்கிக் குவியத்தை அணைத்து, வில்லையின் வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். 'ரோ' கோப்பாகவே எடுங்கள், ஜேபெக் வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 200 அல்லது 400, ஷட்டர் 30 விநாடி. கமராவுக்குள்ளிருக்கும் இரைச்சல் நீக்கத்தையும் அணையுங்கள். ஒரு சோதனைப் படத்தைக் கணினியில் திறந்து பாருங்கள்: 14 பிட் கமராவில் உச்ச எண் 16,000 அளவில் வரும், உங்கள் நட்சத்திரத்தின் உச்சம் 10,000க்குக் கீழே நிற்க வேண்டும். தாண்டினால் இன்னும் குழப்புங்கள்.

கமராவின் மணிக்கூட்டை அன்று பின்னேரமே இணைய நேரத்தோடு விநாடிக்குச் சரிசெய்யுங்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எங்கள் முழு வேலையும் நேரம் சொல்வதுதான், நாலு நிமிடம் பிந்திய மணிக்கூடு நாலு நிமிடம் பிந்திய பஞ்சாங்கம்.

அவ்வளவும் சரியென்றால் தொடங்கிவிட்டுக் கையை எடுங்கள். நடுவில் ஐ.எஸ்.ஓ. மாற்றுவது, குவியம் தொடுவது எதுவும் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை மட்டும், இலக்கு படத்தின் நடுவிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். மற்ற நேரத்தில் வேலை இல்லை. அந்தக் கோள் விநாடிக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் கதிரையில் இருந்து புழுக்கொடியல் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடவாது. என் மருமகன் முதல் நாள் இரண்டு மணி நேரம் கழித்து "மாமா, எப்ப தொடங்கும்?" என்று கேட்டான். அப்போது கடப்பு பாதி முடிந்திருந்தது.

முடிந்த கையோடு, வில்லையை மூடியபடி அதே 30 விநாடியில் 20 படம். இது இருட்டுப் படம். விடியற்காலை வானம் வெளுக்கும்போது, குவியத்தைத் தொடாமல், வில்லைக்கு மேல் வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாக இழுத்துப் பிடித்து இன்னொரு 20. இது சமதளப் படம். வில்லைத் தூசியும் ஓர மங்கலும் இதனால்தான் கழியும். கஞ்சி போட்ட வேட்டி வேண்டாம், மடிப்புக்கோடு படத்தில் விழும்.

கணக்கு

அஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். எக்ஸோகுளொக் திட்டத்தின் ஹொப்ஸ் மென்பொருள் புதியவர்களுக்கு இன்னும் இலகு. படங்களை ஏற்றி, இருட்டைக் கழித்து, சமதளத்தால் பிரித்து, இலக்கு நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அப்புறம் அதே படத்தில் ஒத்த பிரகாசமுள்ள நாலு நட்சத்திரங்களைச் சுற்றியும் வட்டம். இலக்கின் ஒளியை அந்த நாலின் கூட்டுத்தொகையால் பிரித்துக்கொண்டே போவதுதான் முழு வித்தையும். மெல்லிய முகில் ஓடினால் எல்லா நட்சத்திரமும் சேர்ந்து மங்கும், விகிதம் மாறாது. கோள் கடந்தால் ஒன்று மட்டும் மங்கும்.

ஒப்பிடும் நட்சத்திரங்களில் ஒன்றே தானாக ஏறி இறங்கும் வகையாக இருந்தால் எல்லாம் குழம்பும். நாலையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள், துள்ளுவதை நீக்குங்கள். நிறத்தையும் பாருங்கள். எங்கள் இலக்கு செம்மஞ்சள் நட்சத்திரம். நீல நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால், உயரம் மாற மாற வரைபு சரிந்துகொண்டே போகும். பச்சை நிறத் தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இது குறையும்.

முதலில் வரும் வரைபு கொட்டிய மிளகுபோல் சிதறிக் கிடக்கும். பயப்படாதீர்கள். ஐந்து ஐந்து படமாகச் சராசரி எடுங்கள். புள்ளிகளுக்கு நடுவில் அடி வளைந்த ஒரு குழி எழும்பி வரும். என் இரண்டாம் முயற்சியில் அது வந்தபோது அதிகாலை நாலு மணி, சொல்லிச் சந்தோசப்பட வீட்டில் யாரும் முழித்திருக்கவில்லை.

குழியின் ஆழத்தின் வர்க்கமூலம் எடுங்கள். 0.024இன் வர்க்கமூலம் 0.155. அதாவது கோளின் ஆரை நட்சத்திரத்தின் ஆரையில் 15.5 சதவீதம். நட்சத்திரத்தின் ஆரை சூரியனுடையதில் 0.78 பங்கு, சுமார் 5,43,000 கிலோமீற்றர். பெருக்கினால் கோளின் ஆரை ஏறத்தாழ 84,000 கிலோமீற்றர். வியாழனின் நடுக்கோட்டு ஆரை 71,500. சாதாரணதரக் கணிதம்தான், ஆனால் வேறொரு சூரியனின் கோளை அளந்திருக்கிறீர்கள்.

அனுப்புவது

ஆழத்தைவிட மதிப்பு, நடுப்புள்ளி நேரத்துக்குத்தான். இந்தக் கோள் எங்கள் ஒரு வருடத்தில் 165 முறை சுற்றும். சுற்றுக் காலத்தை ஒரு விநாடி பிழையாக எழுதிவைத்தால், வருட முடிவில் கிட்டத்தட்ட 2 நிமிடம் 45 விநாடி பிழை. பத்து வருடத்தில் 27 நிமிடம். ஜேம்ஸ் வெப் போன்ற தொலைநோக்கியில் மணிக்கணக்கு நேரம் வாங்கிக் காத்திருக்கிறவருக்குக் கோள் வராவிட்டால்? எச்டி 189733 பியின் கணக்கு இன்று நன்றாகவே திருந்தியிருக்கிறது. அதிகம் பார்க்கப்படாத கோள்களின் பஞ்சாங்கம்தான் ஆண்டுக்காண்டு வழுவும். அவற்றைத் திருத்தத்தான் எக்ஸோகுளொக் இருக்கிறது, ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் ஏரியல் என்ற வருங்காலத் தொலைநோக்கிக்காக. நாசாவின் எக்ஸோபிளானெற் வொச் திட்டமும் பொதுமக்கள் அனுப்பும் அளவீடுகளை ஏற்கிறது.

அனுப்பும் முன் ஒரு திருத்தம். பூமி சூரியனைச் சுற்றுவதால் அந்த ஒளி எங்களிடம் சில மாதம் முந்தியும் சில மாதம் பிந்தியும் வந்து சேரும், வித்தியாசம் 8 நிமிடம் வரை போகலாம். சூரியக் குடும்பத்தின் மையத்துக்கு மாற்றிய நேரத்தைத்தான் கேட்பார்கள். மென்பொருள் தானாகச் செய்யும், உங்கள் இடத்தையும் நேர வலயத்தையும் சரியாகக் கொடுத்திருந்தால். 

கமராவே இல்லாதவர்கள் எக்ஸோபிளானெற் வொச் மூலம், அமெரிக்காவிலுள்ள சிறிய தானியங்கித் தொலைநோக்கிகள் எடுத்த படங்களை வாங்கி உலாவியிலேயே இந்தக் கணக்கைச் செய்யலாம். மழைக்காலத்தில் நானும் அதைத்தான் செய்கிறேன்.

ஒரு இரவுக்கு ஏறத்தாழ 450 படம், 11 கிகாபைற் சொச்சம் வரும். வரைபு கிடைத்ததும் ரோ கோப்புகளை அழித்துவிடாதீர்கள். திகதி, இடம், மணிக்கூடு திருத்திய நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் படம்பிடித்து, அதே கோப்புறையில் போட்டு வையுங்கள். பிழை எங்கே என்று ஆறு மாதம் கழித்து யாராவது கேட்பார்கள்.